இரத்தம் காணாது

எங்கள் ஊர்ப் பெண்கள் வைத்தியம் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் கர்ப்பிணி ஒருத்திக்குப் படியேறும்போது மூச்சு வாங்கினால், உதடு வெளிறினால், பகலிலும் படுத்தே கிடந்தால் ஒரே வார்த்தையில் நோயைச் சொல்லிவிடுவார்கள்: "இரத்தம் காணாது." மருந்தும் அடுத்த மூச்சிலேயே வந்துவிடும். முருங்கை இலை, பேரீச்சம்பழம், பீற்றூட், கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசை. பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். கர்ப்ப காலத்தில் வரும் குருதிச்சோகையில் பெரும்பகுதி இரும்புச்சத்துக் குறைவால் வருவதுதான்.

நான் எழுத வந்தது அந்தப் பெரும்பகுதியைப் பற்றியல்ல. மீதமிருக்கும் சிறுபகுதியைப் பற்றி. "இரத்தம் காணாது" என்ற ஒரே வார்த்தைக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன. விற்றமின் பீ12 குறைவால் வருவது ஒன்று. ஃபோலிக் அமிலம் குறைவால் வருவது இன்னொன்று. பெற்றோரிடமிருந்து பரம்பரையாக வரும் தலசீமியா உண்டு. உடலே தன் செங்குருதிக் கலங்களை அழித்துவிடும் வகையும் உண்டு. என்பு மச்சை இரத்தம் உண்டாக்குவதையே நிறுத்திவிடும் மிக அரிய வகையும் உண்டு. இவை எல்லாவற்றிலும் கர்ப்பிணியின் முகம் ஒரே மாதிரித்தான் வெளிறும். ஆனால் எல்லாவற்றுக்கும் மருந்து இரும்பு அல்ல.

உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் எனக்கு இந்தப் பெயர்களை ஞாபகத்தில் வைப்பது பரீட்சைக்கான வேலையாக மட்டுமே இருந்திருக்கும். என் சாச்சியால்தான் அது வேறாகிப் போனது.

சாச்சி இரண்டாம் முறை கர்ப்பமானபோது மூத்த பிள்ளைக்கு ஒன்றரை வயது. பால்குடி மறக்கவில்லை. வயிற்றில் இருப்பது இரட்டைக் குழந்தைகள் என்று ஸ்கேன் காட்டியது. வீடே சந்தோஷப்பட்டது. ஆனால் சாச்சிக்கு வாந்தி நிற்கவே இல்லை. ஆணத்தின் வாசம் ஆகாது, இலைக்கறி ஆகாது, பருப்பு ஆகாது. வெறும் சோறும் தேங்காய்ச் சம்பலும், இல்லாவிட்டால் பிஸ்கட்டும் பிளேன்டீயும். எங்கள் பக்கத்தில் எந்தச் சன்னலைத் திறந்தாலும் தேயிலைதான். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடிப்பது எங்களுக்குத் தண்ணீர் குடிப்பது போல. சாப்பாட்டில் உள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்வதைத் தேயிலை தடுக்கிறது என்பதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

கிளினிக்கில் சில வகைக் குளிசைகள் கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றையும் விழுங்கினால் வாந்தி வருகிறது என்று சாச்சி ஒரு முடிவுக்கு வந்தார். "இரத்தத்துக்கு உள்ளது இதுதானே" என்று இரும்புக் குளிசையை மட்டும் தவறாமல் குடித்தார். சின்னஞ்சிறு மஞ்சள் குளிசையை விட்டுவிட்டார். அவ்வளவு சின்னக் குளிசை என்ன செய்துவிடப் போகிறது என்பது வீட்டில் எல்லோருடைய நினைப்பும்தான்.

ஐந்தாம் மாதத்தில் ஈமோகுளோபின் 8.4. கர்ப்பிணிக்கு அது 11க்குக் குறைந்தாலே குருதிச்சோகை. இரும்பின் அளவைக் கூட்டினார்கள். ஆறாம் மாதத்தில் 7.6. இரும்பு போகப் போக இரத்தம் குறைந்துகொண்டே வந்தது. அப்போதுதான் பேச்சுகள் தொடங்கின. "குளிசையைக் குடிக்கிறதில்ல, தலையணைக்குக் கீழே ஒளிச்சு வைக்கிறா" என்றார் ஓர் உறவுக்காரர். கிளினிக் ஒன்றிலும் அதே சந்தேகத்தோடுதான் பேசினார்கள். "பிள்ளைகள் மேல் அக்கறை இல்லையா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்கள். சாச்சி வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நான் குடிக்கிறேன் புள்ள. ஒரு நாளும் விடல்ல. ஏன் யாரும் நம்புறாங்க இல்ல?"

அவர் சொன்னது உண்மை. இரும்புக் குளிசையை அவர் ஒரு நாளும் விடவில்லை. நோய்தான் இரும்புக்கு உரியதாக இருக்கவில்லை.

பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பியபோது பாடசாலை விடுமுறை என்பதால் நானும் துணைக்குப் போனேன். அங்கிருந்த இளம் வைத்தியர் ஒருவர் திட்டவில்லை. "நேற்றுக் காலை என்ன சாப்பிட்டீர்கள்? மத்தியானம்? இரவு?" என்று சிங்களத்தில் நிதானமாகக் கேட்டு, ஒவ்வொன்றாக எழுதினார். பிறகு ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்க்க அனுப்பினார். இரும்பு குறைந்தால் செங்குருதிக் கலங்கள் சிறுத்துப்போகும். சாச்சியின் கலங்களோ வழக்கத்தைவிடப் பெரியவை. பீ12 சோதித்தார்கள், அது போதிய அளவில் இருந்தது. குறைந்திருந்தது ஃபோலிக் அமிலம். அந்தச் சின்ன மஞ்சள் குளிசையில் இருப்பது அதுதான்.

ஏன் கலங்கள் பெருக்கின்றன? ரொட்டிக்குப் பிசைந்த மாவை நினைத்துப் பாருங்கள். மா இருக்கிறது, பொங்கியும் விட்டது. ஆனால் உருண்டைகளாகப் பிரித்தெடுக்கக் கையில்லை. பத்து ரொட்டியாக வேண்டியது இரண்டு தடித்த ரொட்டியாகவே நிற்கும். கலம் ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டுமானால் முதலில் அதன் டீ.என்.ஏ. இரட்டிக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். அது இல்லாவிட்டால் என்பு மச்சையிலுள்ள கலங்கள் பிரிய முடியாமல் பெருத்து நிற்கின்றன. பல அங்கேயே அழிந்து போகின்றன. வெளியே வருபவை எண்ணிக்கையில் குறைவு, உருவத்தில் பெரிது, ஆயுளில் குட்டை. வயிற்றில் ஒரு குழந்தை வளரும்போதே ஃபோலிக் அமிலத்தின் தேவை கூடுகிறது. சாச்சியின் வயிற்றில் இரண்டு. மடியில் பால் குடிக்கும் இன்னொன்று.

இந்த நோயைத் தேடிப் படித்தபோதுதான் லூசி வில்ஸ் என்ற பெயரை அறிந்தேன். 1888இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் புவிச்சரிதவியலும் படித்தார். அந்தக் காலத்தில் பெண்கள் அங்கே பரீட்சை எழுதலாம், பட்டம் மட்டும் கிடையாது. கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1948இல்தான். 1913இல் அவர் தன் தாயுடன் எங்கள் இலங்கைக்கும் வந்து போயிருக்கிறார். அதன் பின்னரே லண்டனில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1920இல் வைத்தியரானார்.

1928இல் அவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே கர்ப்பிணிகள் பலரை ஒரு விசித்திரமான குருதிச்சோகை கொன்றுகொண்டிருந்தது. துணி ஆலைகளில் வேலை செய்யும் ஏழைக் குடும்பங்களின் பெண்கள் அதில் அதிகம். இரத்தத்தில் கலங்கள் பெரிதாக இருந்தன. காரணம் தெரியவில்லை. ஹாஃப்கின் ஆய்வு நிலையத்தில் அமர்ந்து வில்ஸ் செய்த முக்கியமான வேலை, அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தது. பம்பாயின் வெவ்வேறு சமூகங்களின் உணவையும் நோயையும் ஒப்பிட்டார். யாருடைய உணவு மிகக் குறைபாடுடையது, யாருக்கு இந்த நோய் அதிகம் வருகிறது என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே விடைதான் வந்தது: ஏழை முஸ்லிம் பெண்கள்.

இந்த வரியைப் படித்ததும் நான் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். அந்தப் பெண்களின் பெயர்கள் எங்கும் இல்லை. அவர்களும் எங்களைப் போல உம்மா என்றும் சாச்சி என்றும் அழைக்கப்பட்டிருப்பார்கள். அவர்களையும் "அக்கறை இல்லாதவள்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

வில்ஸ் அவர்களுடைய உணவையே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகளுக்கும் சோகை வந்தது. மதுவத்தை, அதாவது ஈஸ்ட்டை, உணவில் சேர்த்தபோது அது தடுக்கப்பட்டது. பிறகு குரங்குகளில் பரிசோதித்தார். அங்கே கைகொடுத்தது ஈஸ்ட் சத்தால் செய்த மலிவான ஒரு கரும்பசை. அதையே கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார். சில நாட்களிலேயே அவர்களுக்குப் பசி திரும்பியது, இரத்தத்தில் புதிய கலங்கள் கூடின. மரணத்தின் வாசலில் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். இந்த முடிவுகளை அவர் 1931இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டார்.

அந்தக் கரும்பசையின் பெயர் மார்மைட். ஆம், எங்கள் குசினித் தட்டில் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கும் அதே மார்மைட். பாணில் பூசிச் சாப்பிட்டு, காய்ச்சல் நாளில் சுடுதண்ணீரில் கரைத்துத் தேசிக்காய் பிழிந்து குடித்து வளர்ந்த எனக்கு, அது ஒரு காலத்தில் கர்ப்பிணிகளின் உயிர்காத்த மருந்து என்று யாரும் சொன்னதில்லை. இலங்கையிலும் அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1934, 35ஆம் ஆண்டுகளில் மலேரியா எங்கள் நாட்டைச் சூறையாடி சுமார் 80,000 உயிர்களைக் கொண்டுபோனபோது, சூரியமல் இயக்கத்தின் தொண்டர்கள் உணவின்றி மெலிந்த நோயாளிகளுக்கு மார்மைட் கொடுத்தார்கள்.

வில்ஸ் பம்பாயோடு நின்றுவிடவில்லை. 1929இல் சில மாதங்கள் நீலகிரி மலையின் குன்னூரில் உள்ள பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் ஆராய்ந்தார். அதுவும் எங்களுடையதைப் போலத் தேயிலை விளையும் குளிர் மலைதான். 1931இன் தொடக்கத்தில் மதராஸின் கோஷா ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். கோஷா என்றால் பர்தா. ஆண் வைத்தியர்களிடம் போகத் தயங்கி வீட்டுக்குள்ளேயே நோயோடு கிடந்த பெண்களுக்காக, திரையைக் குறை சொல்லாமல் பெண் வைத்தியர்களை வைத்து 1885இல் தொடங்கப்பட்ட வைத்தியசாலை அது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி பெயரில் இயங்கினாலும் மக்கள் வாயில் இன்னும் கோஷா ஆஸ்பத்திரிதான்.

மார்மைட்டில் இருந்த அந்த மருந்துப் பொருள் என்னவென்று வில்ஸுக்கு அப்போது தெரியாது. "வில்ஸ் காரணி" என்றே அது அழைக்கப்பட்டது. 1941இல் விஞ்ஞானிகள் பசளிக்கீரை போன்ற ஒரு கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 1945இல் அமெரிக்காவில் அதை ஆய்வுகூடத்தில் செயற்கையாக உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். ஆந்திராவில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மதராஸ் மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். உணவுச் சத்தை உடல் உறிஞ்ச முடியாத ஒரு குடல் நோய்க்குச் சகோதரர்களைப் பறிகொடுத்து, தானும் அதில் துன்பப்பட்டவர். அந்த நோய்க்கும் ஃபோலிக் அமிலம் மருந்தானது.

ஆக, சாச்சி ஒதுக்கிவைத்த அந்தச் சின்ன மஞ்சள் குளிசைக்குள் பம்பாயின் பெயர் தெரியாத பெண்களும், பட்டம் மறுக்கப்பட்ட ஒரு பெண்ணும், சகோதரர்களை இழந்த ஒரு மனிதரும் இருக்கிறார்கள்.

இதைப் படித்தபின் "அரிய நோய்" என்ற சொல்லை நான் முன்போல் வாசிப்பதில்லை. 1928இல் பம்பாயில் இது அரிய நோயாக இருக்கவில்லை. அது தானாக அரிதாகவும் இல்லை. அரிதாக்கப்பட்டது. எங்கள் பக்கத்தில் மருத்துவ மாது ஒருவர் மழையிலும் மூடுபனியிலும் குடையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் லயன் வரை ஏறிப்போவதைக் காண்கிறோம். புதிதாகத் திருமணம் முடித்த பெண்ணைப் பதிந்து, கர்ப்பமாவதற்கு முன்பே ஃபோலிக் அமிலம் கொடுக்கிறார்கள். அந்தக் கால்கள் ஏறுவதை நிறுத்தினால், அல்லது ஏறிவந்து கொடுத்ததை நாங்கள் அலுமாரியில் போட்டுவிட்டால், அரிய நோய் மறுபடியும் எங்கள் வாசலுக்கு வந்துவிடும். எங்கள் வீட்டுக்கு வந்தது போல.

கர்ப்பமாவதற்கு முன்பே ஏன்? குழந்தையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் குழாய், கருத்தரித்து 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. தான் கர்ப்பம் என்று பல பெண்களுக்குத் தெரியவரும் முன்பே அந்த வேலை முடிந்துவிடுகிறது. ஃபோலிக் அமிலம் குறைந்தால் அந்தக் குழாய் சரியாக மூடாமல் போகும் அபாயம் கூடும். உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிக்குச் சிபாரிசு செய்யும் அளவு நாளொன்றுக்கு 0.4 மில்லிகிராம். சீனியில் ஒரு மணிகூட அதைவிடக் கனமாக இருக்கலாம்.

தோழிகளே, எங்களில் பலர் இன்னும் சில வருடங்களில் தாய்மாராவோம். அதனால் சில விடயங்களை மனம்விட்டுச் சொல்கிறேன்.

முதலாவது, குசினி. ஃபோலிக் அமிலம் கீரையிலும் பருப்பிலும் பயறிலும் கடலையிலும் தாராளமாக உண்டு. எங்கள் ஊரில் வல்லாரையும் பொன்னாங்காணியும் கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன. ஆனால் நெடுநேர வேகலில் இந்தச் சத்து அழியும், அவித்த தண்ணீரோடு ஓடியும் போகும். கீரையைக் குழைய அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டால் மிஞ்சுவது பச்சை நிறம் மட்டும்தான். இலையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவோடு அடுப்பில் ஒரு புரட்டுப் புரட்டி இறக்கும் மல்லுங் எவ்வளவு அறிவான சமையல்!

இரண்டாவது, சாப்பாட்டு வரிசை. கடை பூட்டி ஆண்கள் வந்து சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, கடைசியில் சட்டியில் மிஞ்சியதைப் பெண்கள் சாப்பிடுவது எங்கள் வீடுகளில் வழக்கம். சட்டியின் அடியில் மிஞ்சுவது பெரும்பாலும் ஆணத்தின் குழம்பு மட்டும்தான். கர்ப்பிணிக்கென்று கொடுக்கும் திரிபோஷாகூட வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் உருண்டையாகிப் போகிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் பம்பாயில் வில்ஸ் கண்ட குறைபாடும் இப்படிச் சாப்பாட்டில் இருந்துதான் வந்தது. லுக்மான் அத்தியாயத்தில் தாய் எத்தனை பலவீனத்தோடு எங்களைச் சுமக்கிறாள் என்று அல்லாஹ் நினைவூட்டுகிறான். கர்ப்பிணிக்கு நோன்பைக்கூடப் பிற்படுத்த மார்க்கம் இடம் தருகிறது. அப்படியிருக்க அவளுடைய கோப்பையை மட்டும் நாங்கள் ஏன் கடைசியில் நிரப்ப வேண்டும்?

மூன்றாவது, இரத்தப் பரிசோதனை. இரும்பு எடுத்தும் இரத்தம் ஏறாவிட்டால் ஃபோலிக் அமிலம் மட்டுமல்ல, தலசீமியாவும் காரணமாக இருக்கலாம். அதன் கூறைக் காவுபவருக்கு வெளியே ஒன்றும் தெரியாது, இலேசான சோகை மட்டும் இருக்கலாம். ஆனால் கணவனும் மனைவியும் இருவரும் காவிகளாக இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் கடும் தலசீமியா வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சொந்தத்துக்குள் மணமுடிக்கும் குடும்பங்களில் இந்த வாய்ப்பு கூடுகிறது. மாப்பிள்ளை வீட்டில் எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். ஒரு துளி இரத்தத்தையும் விசாரிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான்காவது, சுய வைத்தியம் வேண்டாம். பீ12 குறைந்த ஒருவர் ஃபோலிக் அமிலத்தை மட்டும் எடுத்தால் இரத்தம் தேறியதுபோல் தோன்றும், உள்ளே நரம்புகள் பழுதாகிக்கொண்டிருக்கும். மார்மைட் பழைய காலத்து மருந்து. இன்று அது பாணில் பூச நல்லது, குளிசைக்குப் பதிலாகாது.

சாச்சிக்கு வைத்தியர் ஃபோலிக் அமிலத்தைக் கூடிய அளவில் கொடுத்தார். இரண்டு கிழமை முடியுமுன் அவர் தானாகவே எழுந்து வந்து சோறு கேட்டார். பிரசவத்தின்போது ஈமோகுளோபின் 10ஐத் தாண்டியிருந்தது. குழந்தைகள் நாள் முந்திப் பிறந்தார்கள். சிறியவன் மூன்று கிழமை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். அல்ஹம்துலில்லாஹ், இப்போது இருவரும் என் பாடப் புத்தகங்களைக் கிழிக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். தலையணைக் கதை சொன்ன உறவுக்காரர் அவர்களைக் கொஞ்ச வருவார். சாச்சி அவருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். அந்தப் பேச்சை யாரும் திரும்ப எடுப்பதில்லை.

ஆனால் நான் அதை மறக்கவில்லை. ஒரு மருந்து வேலை செய்யாதபோது இரண்டு கேள்விகளில் ஒன்றைக் கேட்கலாம். "இவள் என்ன பிழை செய்தாள்?" என்று கேட்கலாம். "இவளுக்கு என்ன குறைகிறது?" என்றும் கேட்கலாம். பம்பாயில் லூசி வில்ஸ் கேட்டதும், அந்த இளம் வைத்தியர் கேட்டதும் இரண்டாவது கேள்வியை. பரீட்சை எனக்கு வைத்தியபீடத்தின் கதவைத் திறக்குமா என்பதை அல்லாஹ் அறிவான். திறந்தாலும் திறக்காவிட்டாலும், வெளிறிய முகத்தோடு ஒரு பெண் என் முன்னால் வந்து நின்றால் முதலில் அவளுக்கு உட்கார ஒரு கதிரை போடுவேன். பிறகு கேட்பேன்: "இன்டைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

– உயர்தர உயிரியல் பிரிவு மாணவி, புசல்லாவை